மேனேஜர் குடை புடிப்பானா கண்ணு?

மொதல்லயே சொல்லிப்போடறேன் கண்ணு, கொரியாக்காரன் சீரியலப் பாக்காதேன்னு தடுக்கற ஆளு நானில்ல. பாரு. விடிய விடியப் பாரு. காலைல கொட்டாவி விட்டுக்கிட்டே ஆபீசுக்குப் போயி, "ராத்திரி பூராத் தலவலிங்க சார்"னு சொல்லிக்கோ. உன்ற அம்மா கத்துவா. கத்தட்டும். 2003ல இருந்து 2009 வரைக்கும் 'கோலங்கள்' 1500 எபிசோடுக்கு மேல ஓடுச்சே, அத ஒருநாள் உடாமப் பாத்தவ. வாரத்துக்கு ரெண்டு எபிசோடு, எட்டு வாரம், பதினாறோட கதை முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போறவனக் குத்தஞ்சொல்ல அவளுக்கு என்ன ஞாயம் இருக்குது?

ஆனா பாக்கறதுக்கும் ஒரு வெவரம் வேணும். சந்தைக்கு மாடு புடிக்கப் போறவன் கொம்புல பூசுன வர்ணத்தப் பாத்தா ஏமாந்துதான் வருவான்; வாயத் தொறந்து பல்லப் பாக்கோணும். இந்த ஆபீஸ் காதல் கதைல கொம்புங்கறது அந்தப் பையன். அவன் ஒசரம், முழங்கை வரைக்கும் மடிச்சு உட்ட சட்டை, மழைல நனஞ்சாலும் கலையாத தலமுடி, எல்லாம் வர்ணம். பல்லுங்கறது காகிதம். நீ பையனயே பாத்துட்டு உக்காந்திருக்கற. அப்புச்சி காகிதத்தப் பாக்கறேன்.

என்ன காகிதம்னு கேக்கறியாக்கும். சொல்றேன். இவிய கதைல கண்ணும் கண்ணும் பாத்த ஒடனே காதல் வந்தர்றதில்ல. அதுக்கு முந்தி எவனோ ஒருத்தன் எதையோ ஒண்ண எழுதிக் கையெழுத்து வாங்கறான்.

2005ல 'மை லவ்லி சாம்-சூன்'னு ஒண்ணு வந்துச்சு. ஆபீசில்ல, ஓட்டலு, ஆனா மொதலாளி மொதலாளிதான். கடைசி எபிசோடுக்கு அந்த ஊரு டிவிக் கணக்கு 50 சதவீதத்தத் தாண்டுச்சு. கிம் சாம்-சூன் கேக்கு சுடற புள்ள. முப்பது தொட்ட வயசு, கொஞ்சம் பூசுன ஒடம்பு, வாய் ரொம்ப நீளம். ஓட்டல்காரப் பையனுக்கு அவங்கம்மா ஓயாமப் பொண்ணு பாக்கற தொல்லை. அதுல இருந்து தப்பிக்க, நீ என்ற காதலியா நடின்னு இவளக் கேக்கறான். இவளுக்கோ குடியிருக்கற ஊடே கடன்ல போற நெலம. சரி, 5 கோடி வோன் குடுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கறா. கோடின்னதும் வாயப் பொளக்காத, அன்னைய நெலவரத்துக்கு நம்ம காசுல 20 லட்சம் சொச்சம். பையன் காதலுக்கு நடிப்புக் கேட்டான், புள்ள ஊட்டுக் கடனுக்கு வழி பாத்துட்டா. இதுல ஆரு கெட்டிக்காரங்கன்னு நீயே சொல்லு.

அடுத்தது உன்ற போன்ல முகப்புப் படமா வெச்சிருக்கறயே, அந்தக் கதை. 2018ல வந்த 'வாட்ஸ் ராங் வித் செக்ரட்டரி கிம்'. லீ யங்-ஜூன்னு ஒரு துணைத் தலைவரு. கண்ணாடி முன்னாடி நின்னான்னா நகர மாட்டான். அவனுக்கு அவனையே அத்தனை புடிக்கும். அவனுக்குக் கிம் மி-சோ ஒம்போது வருசமாக் காரியதரிசி. கழுத்துப் பட்டையச் சரி பண்றதுல இருந்து, அவன் எப்ப எரிஞ்சு விழுவான்னு முன்கூட்டியே கண்டுபுடிக்கற வரைக்கும் எல்லாம் அவ வேல. அப்பன் வெச்ச கடனு, அக்காமாரு ரெண்டு பேரும் டாக்டருக்குப் படிச்ச செலவு, அத்தனையும் அவ சம்பளத்துல அடைஞ்சுது. அடைஞ்சதும், "நான் நின்னுக்கறேனுங்க"ன்னுட்டா.

அன்னைக்குப் போச்சு அவன் தூக்கம். என்ன கொறை வெச்சேன், எதுக்குப் போறான்னு ராத்திரி பூரா ரோசனை. பதவி தர்றேங்கறான், காரு தர்றேங்கறான், ஊடு தர்றேங்கறான். ஒண்ணுக்கும் மசியில. கடைசியா என்ன பண்றான்? "சரி, நானே உன்னக் கட்டிக்கறேன்"ங்கறான். அட கெரகமே! இத நீ காதல்னு பாத்து உருகற. எனக்கு இது ராஜினாமாவ வாபஸ் வாங்க வெக்கற பேரம். காரு, ஊடு, அதுக்கு மேல ஒரு படி மாப்பிள்ளை. நல்ல கம்பெனியில ஆள உடாமப் புடிச்சு வெக்கறதுக்கு என்னென்னமோ பண்ணுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கறேன், இது வரைக்கும் போவாங்கன்னு தெரியாது.

மி-சோ மாதிரி ரவிக்கைல முடிச்சுப் போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போறயே கண்ணு, போ, நல்லாத்தான் இருக்குது. ஆனா அவகிட்டக் கத்துக்க வேண்டியது முடிச்சில்ல. கடன் அடையற வரைக்கும் கம்முன்னு இருந்தா பாரு, அடைஞ்சதும் எழுதிக் குடுத்தா பாரு, அந்த வரிசை.

2022ல வந்த 'பிசினஸ் ப்ரபோசல்' உனக்கு மனப்பாடம். எனக்கும்தான். தீனி தயாரிக்கற கம்பெனி. தலைவரு ஒரு தாத்தன். பேரனுக்குப் பொண்ணு பாத்தே தீருவேன்னு நிக்கறாரு. பேரன் காங் டே-மூ, பொண்ணு பாக்கப் போற நேரமெல்லாம் தண்டம்னு கணக்குப் போட்டு, அடுத்து ஆரு வந்து எதுத்தாப்புல உக்காந்தாலும் அவளையே கட்டிக்கறேன்னு முடிவு பண்ணீர்றான். அன்னைக்குன்னு பாத்து வந்து உக்கார்றவ ஷின் ஹா-ரி. சினேகிதிக்குப் பதிலா, மாப்பிள்ளைய வெரட்டி உடறதுக்குன்னு வேசங்கட்டிட்டு வந்தவ. வந்து பாத்தா மாப்பிள்ளை அவ வேலை செய்யற கம்பெனிக்கே மொதலாளி. பொண்ண மாத்திக் காட்டறதெல்லாம் கொரியாக்காரன் கண்டுபுடிச்சதுன்னு நெனச்சுக்காத. உன்ற பெரியப்பன் கல்யாணத்துல என்ன நடந்துச்சுன்னு ஆத்தாகிட்டத் தனியாக் கேட்டுப் பாரு. அப்புறம் அந்தப் பையன் காசு பேசி, தாத்தன் முன்னாடி காதலியா நடின்னு இவளக் கேக்கறான். பகல்ல ஆராய்ச்சிக்கூடத்துல வேல, பொழுதோட மொதலாளிக்குக் காதலி. ரெண்டுக்கும் சம்பளம். காதலுக்கும் ஓவர்டைம் வாங்குன மொத ஆளு இவளாத்தான் இருக்கும்.

எதுக்கு இத்தன காகிதம்னு ரோசிச்சியா? நீ எங்க ரோசிச்ச, முத்தம் எத்தனாவது எபிசோடுன்னு தேடிட்டிருந்திருப்ப. எட்டாவது சுமாருக்கு வரும், பதறாத. நான் சொல்றதக் கேளு. அந்த ஊரு ஆபீஸ்ல ஏணி பெருசு. சாவோன், தேரி, குவாஜாங், சாஜாங், பூஜாங்னு படி மேல படி. ஆளக் கூப்பிடறதே பதவியச் சொல்லித்தான். வேல முடிஞ்சு ஒட்டுக்காச் சாப்பிடப் போனாலும் அதே ஏணி கூடவே வரும். பெரியவருக்குச் சாராயம் ஊத்துனா ரெண்டு கையால ஊத்தோணும். அவரு முன்னால குடிக்கோணும்னா மொகத்த அக்கட்டால திருப்பிக்கோணும். இந்த லட்சணத்துல மேல் படில இருக்கறவன் கீழ் படில இருக்கறவகிட்டப் போயி உன்ன எனக்குப் புடிச்சிருக்குதுன்னா, அவ முடியாதுன்னு சொல்ல முடியுமா? அப்படிச் சொன்னா அது காதல் கதையில்ல, போலீஸ் கதை. அதனால எழுதறவிய மொதல்ல ஒரு ஒப்பந்தத்தப் போட்டுக் குடுத்தர்றாங்க. அந்த ஊருல இந்தக் கதைகள எழுதறதுல முக்காவாசிப் பேரு பொம்பளைங்க, வெவரமானவிய. ரெண்டு பேரு கையெழுத்தும் ஒரே வரிசைல வர்ற எடம் அந்த ஒண்ணுதான்னு அவியளுக்குத் தெரியும். அவ நிபந்தனை போடுவா, அவன் தலையாட்டுவான். பதினாறு மணி நேரக் காதலுக்கும் அஸ்திவாரம் அதுதான்.

இது புதுசுமில்ல. சுன்ஹ்யாங் கதைன்னு அவிய ஊருல ஒண்ணு, நூத்துக்கணக்கான வருசமாப் பாடிட்டே இருக்கறாங்க. நாம்வோன் ஊரு கணிகை வர்க்கத்துத் தாய்க்குப் பொறந்த புள்ள மேல, ஊரு அதிகாரி மகனுக்குக் காதல். அதுல சில வடிவங்கள்ல, பையன் உன்ன மறக்க மாட்டேன்னு கைப்பட எழுதிக் குடுத்த பொறவுதான் மேல பேச்சே. அப்புறம் பையன் தலைநகருக்குப் போயி பரீட்சை எழுதி, ராசாவோட ரகசிய அதிகாரியாத் திரும்பி வந்து, அவளச் செறைல போட்ட கெட்ட அதிகாரியப் புடிக்கறான். அன்னைக்குக் கச்சேரி, இன்னைக்குக் கண்ணாடிக் கட்டடம். பொண்ணு மட்டும் அன்னைல இருந்தே எழுத்துல கேக்கறா. நீ வாட்சப்புல ரெண்டு இதயம் வந்தா நம்பீர்ற.

அடுத்தது, மொதலாளியோட சீக்கு. கவனிச்சியா, மூணு பேருக்கும் ஒவ்வொண்ணு உண்டு. சாம்-சூன் கதைல ஓட்டல்காரனுக்குக் காரு விபத்து, அண்ணனும் அண்ணியும் போயிட்டாங்க. மி-சோவோட மொதலாளியச் சின்ன வயசுல கடத்தி வெச்சிருந்தாங்க. டே-மூவுக்கு மழை பேஞ்சா ஆகாது, பெத்தவிய மழை நாள்ல விபத்துல போனவிய. பணக்காரன்னா அவனுக்குப் பழைய காயம் ஒண்ணு இருந்தே ஆகோணும்ங்கறது அங்க சட்டமாட்ட இருக்குது. அவன் எரிஞ்சு விழறது, அதிகாரம் பண்றது, நடுராத்திரி கூப்பிடறது எல்லாத்துக்கும் பத்தாவது எபிசோடுல ஒரு சமாதானம் வந்துரும். பாவம்னு நீ அழுவ. அழு. ஆனா அந்தப் புள்ள கணக்கு எழுதி, கூட்டத்துக்கு ஏற்பாடு பண்ணி, கடைசில மொதலாளியோட மனச்சீக்குக்கும் வைத்தியம் பாக்கறாளே, அந்த மூணாவது வேலைக்கு ஆரு கூலி குடுத்தா? உன்ற மேனேஜரு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தான்னா, சின்ன வயசுல என்னாச்சோன்னு வெசனப்படாத. அவனுக்கு நேத்து ராத்திரி தின்னது சேராம இருந்திருக்கும்.

உனக்கு உண்மையா எது புடிச்சிருக்குதுன்னு நான் சொல்லட்டுமா? பையனில்ல. பையனாட்ட ஆளுக கோயமுத்தூர்லயும் இருக்கறாங்க, நீ திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. அந்தக் கதைல ராத்திரி ஒம்போது மணிக்கு ஆபீஸ்ல வெளக்கெல்லாம் அணைஞ்சு, ஒருத்தி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருப்பா. மேல இருக்கறவன் எறங்கி வந்து, சத்தமில்லாம ஒரு காப்பிய வெச்சுட்டு, "இன்னுமா முடியில?"ம்பான். அங்கதான் நீ தலகாணியக் கட்டிப் புடிச்சுக்கற, நாம் பாத்துட்டுத்தான் இருக்கறேன். நீ செஞ்ச வேலய ஒருத்தன் பாத்தான். நீ களைச்சுப் போனத ஒருத்தன் பாத்தான். அடுத்த எபிசோடுல வந்து, நான் பண்ணுனது தப்புத்தான்னு மன்னிப்பு வேற கேக்கறான். மேல் படில இருக்கறவன் மன்னிப்புக் கேக்கறது! முத்தங்கூட மத்த எடத்துல கெடைக்கும் கண்ணு, இது எங்க கெடைக்கும்?

ஆனா அந்த ஒம்போது மணிய மட்டும் காதல்னு ஒத்துக்காத. கணக்குச் சொல்றேன் கேளு. செக்ரட்டரி கிம் மொத எபிசோடு 2018 ஜூன் 6. ஜூலை 1ல அந்த ஊருல புதுச் சட்டம் ஒண்ணு அமலுக்கு வந்துச்சு: 300 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யற எடத்துல வாரத்துக்கு 52 மணிக்கு மேல வேல வாங்கப்படாது, 40 மணி வேல, 12 மணி ஓவர்டைம். அதுக்கு முந்தி 68 வரைக்கும் இழுத்துட்டிருந்தாங்க. ஜூலை 26ல சீரியல் முடிஞ்சுது. ஊருச் சனம் பொழுதோட ஊட்டுக்குப் போலாமான்னு கணக்குப் பாத்துட்டிருந்த அதே மாசத்துல, ஒம்போது வருசம் மொதலாளி பின்னாலயே திரிஞ்சவ கதையப் பாத்து உருகுனாங்க. 2023 மார்ச்சுல அரசாங்கம் அத 69 மணி வரைக்கும் ஏத்தலாம்னு ஒரு திட்டத்தோட வந்துச்சு. இளவட்டங்க போட்ட சத்தத்துல பொட்டாட்டப் பின்வாங்கீருச்சு. சத்தம் போட்டவியள்ல பல பேரு இந்த மாதிரிச் சீரியலப் பாக்கறவியளாத்தான் இருப்பாங்க. டிவில ஓவர்டைம் நெலா வெளிச்சம், நெசத்துல அது ஓவர்டைம்னு அவியளுக்கு நல்லாத் தெரியும். நீதான் ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கற.

நெசத்துத் துணைத் தலைவரு எப்படி இருப்பாருன்னு பாக்கோணுமா? 2014 டிசம்பர் 5. நியூயார்க்ல இருந்து கெளம்பற கொரியா விமானம். விமானக் கம்பெனி மொதலாளி மக, அவளே துணைத் தலைவி, மொத வகுப்புல உக்காந்திருக்கறா. மக்கடமியா பருப்பத் தட்டுல வெக்காமப் பாக்கெட்டோட குடுத்துட்டாங்கன்னு கூப்பாடு போட்டு, ஓடிட்டிருந்த விமானத்தத் திருப்பி வாசலுக்கே கொண்டாந்து, பணியாளர் தலைவர எறக்கி உட்டுட்டா. அடுத்த வருசம் கோர்ட்டு அவளுக்குத் தண்டனை குடுத்துச்சு. அதே டிசம்பர்ல அங்க டிவில 'மிசேங்'னு ஒண்ணு ஓடிட்டிருந்துச்சு. அதுவும் ஆபீஸ் கதைதான். சாங் கு-ரேன்னு ஒரு பையன். சின்ன வயசுல இருந்து பாதுக்ங்கற பலகை ஆட்டம் ஆடி, அதுல தேறாம, வேற ஒரு படிப்பும் இல்லாம, ஒரு வியாபாரக் கம்பெனிக்கு ஒப்பந்த ஆளா வர்றான். 20 எபிசோடு. ஒருத்தரும் ஒருத்தரக் காதலிக்கறதில்ல. நகல் எடுக்கறதும் திட்டு வாங்கறதும்தான். ரெண்டு வருசம் உசுரக் குடுத்து ஒழைச்சும் அவன நெரந்தரம் பண்ணுல. நீ ரெண்டு எபிசோடோட மூடி வெச்சுட்ட, ஆபீஸ்ல பாக்கறதையே ஊட்லயும் பாக்கோணுமான்னு. ஞாயந்தான். கொரியா ஆபீஸ்காரனும் இதத்தான் சொல்லிருப்பான்.

கதைல எனக்குக் கண்ணுல தண்ணி வர்ற எடம் உனக்கு வர்ற எடமில்ல. ஹா-ரியோட அப்பனும் ஆத்தாளும் என்ன பண்றாங்கன்னு பாத்தியா? கோழி பொரிக்கற கடை. நீ அதச் சிரிப்புக்குன்னு தள்ளி உட்டுட்ட. மொதலாளிப் பையன் அந்தக் கடைக்கு வந்து திருதிருன்னு முழிக்கறதப் பாத்துக் கைதட்டற. அந்தக் கோழிக்கடை சும்மா வரல. 2019ல ஒரு வங்கிக் குழுமம் எடுத்த கணக்குல அந்த ஊருல கோழிக்கடை 87,000. உலகம் பூரா இருக்கற மெக்டொனால்ட்ஸ் கடைய எண்ணுனாக்கூட அப்ப 40,000 வராது. தமிழ்நாட்ட விடச் சின்ன ஊரு, அத்தன கடை. தொறக்கறத விட மூடறது அதிகம்னும் அதே கணக்கு சொல்லுச்சு. ஆரு தொறக்கறா? சட்டப்படி 60 வயசு வரைக்கும் வேல உண்டு. ஆனா பெரும்பாலும் ஐம்பது சுமாருக்கே அவிய ரொம்ப நாள் பாத்த வேலைய உட்டு வெளிய வந்தர்றாங்க. புள்ளைங்க படிப்பு முடிஞ்சிருக்காது, ஊட்டுக் கடன் பாக்கி நிக்கும். கைல வந்த பணத்தப் போட்டு எண்ணெய்ச் சட்டி வாங்கறாங்க. மேல மாடில மகராசன் சன்னலோரம் நின்னு ஊரப் பாக்கறானே, கண்ணு, கீழ முக்குல கோழி பொரிக்கறவங்கள்ல எத்தனையோ பேரு நேத்து வரைக்கும் அதே மாதிரிக் கட்டடத்துல குவாஜாங்கா, பூஜாங்கா இருந்தவிய. காதல் லிப்டுல மேல போகுது, வயசானா எல்லாரும் படில எறங்கறாங்க. இத எழுதற பொம்பளைங்க இதையும் தெரிஞ்சுதான் அந்தக் கடைய அங்க வெச்சிருக்கறாங்க. சத்தம் போட்டுச் சொல்றதில்ல, அவ்வளவுதான்.

தீனின்னதும் ஞாபகம் வருது. காதலச் சொல்ல வந்தவன் எதுக்குச் சப்வே கடைல உக்காந்து சான்ட்விச் திங்கறான்னு ஒருநாள் கேட்டியே. 2010ல இருந்து கதைக்குள்ள சரக்கக் காட்டிக் காசு வாங்கிக்கலாம்னு அங்க டிவிக்கு அனுமதி. மனசு ஒடஞ்சு அழுகறவ நடுவுல ஒரு காப்பி முட்டாய உரிச்சு வாயில போட்டுக்கறதுக்கும் அதுதான் காரணம். நம்ம சீரியல்ல அழுகைக்கு நடுவுல விளம்பரம் வரும், அவிய அழுகைக்கு உள்ளயே வெச்சுட்டாங்க. கெட்டிக்காரத்தனம்.

பதினாறாவது எபிசோடுக்குப் பொறவு என்ன ஆகும்னு ஆரும் காட்டறதில்ல. சாம்சங் குடும்பத்து மூத்த மக, அதே குழுமத்துல வேலை செஞ்ச ஒரு சாதாரண ஆளக் கட்டிக்கிச்சு, 1999ல. ஊரே வாயப் பொளந்துது, ஆம்பளைக்கு அடிச்ச யோகம்னு. 2014ல விவாகரத்துக்குப் போயி, 2020ல உச்ச நீதிமன்றத்துல முடிஞ்சுது. இருவது வருசம் ஓடுன கதைக்குக் கடைசில என்ன வந்துச்சுன்னா, காகிதந்தான். அந்த ஊருல கல்யாணம் பண்ணிப் புள்ள பெத்துக்கறவிய 2023 வரைக்கும் கொறஞ்சுட்டே வந்தாங்க. அந்த வருசக் கணக்குல ஒரு பொம்பளைக்கு 0.72 புள்ள. டிவில மாசத்துக்கு நாலு கல்யாணம்.

சரி, கொரியா மொதலாளி நம்ம ஊருக்கு வந்தா எப்படி இருப்பாருன்னு உனக்கு ஆசையா இருக்கும். வந்துதான் இருக்கறாங்களே, ஸ்ரீபெரும்புதூர்ல. ஃப்ரிட்ஜும் வாஷிங் மிஷினும் பண்ற சாம்சங் தொழிற்சாலைல, 2024 செப்டம்பர் 9ல இருந்து அக்டோபர் 15 வரைக்கும், ஆயிரம் பேருக்கு மேல வேலைய நிறுத்திப்போட்டுப் பந்தல்ல உக்காந்திருந்தாங்க. 37 நாளு. கேட்டது என்ன? சங்கத்த ஒத்துக்கோ, சம்பளத்தப் பேசு. சீரியல்ல மழைக்குப் புடிக்கறாப்புல வெய்யில்ல ஆரும் வந்து குடை புடிக்கில. அடுத்த வருசம் சனவரில சங்கத்தப் பதிவு பண்ணிக் காகிதம் வந்துச்சு. அவிய ஆரும் செக்ரட்டரி கிம் பாத்திருப்பாங்களோ என்னமோ, காகிதத்துல வெவரமா இருந்தாங்க.

உனக்கு இன்னொரு கதை சொல்றேன், அதப் பாத்துட்டு வந்து பேசு. 'ஃபோர்காஸ்டிங் லவ் அண்ட் வெதர்', 2022. அதே மி-சோவா நடிச்ச பார்க் மின்-யங்தான். அந்தப் புள்ள ஏறி எறங்காத ஆபீஸே கொரியாவுல இல்ல. இதுல வானிலை ஆராய்ச்சி நெலையம். இங்க மேல் படில இருக்கறது அவ. கூட வேலை செஞ்சவனப் பத்து வருசம் நம்பி, கல்யாணம் வரைக்கும் போயி, அவன் வேறொருத்தி பின்னால போயிட்டான். போனவன் போகாம, ரெண்டு பேருமாச் சேந்து வாங்குன ஊட்ல எனக்குப் பங்கு எங்கன்னு வந்து நிக்கறான் பாரு! கொரியாச் சீரியல்லயே நான் எந்திரிச்சு நின்னு திட்டுன எடம் அது. அப்புறம் அவளுக்குக் கீழ வேலை பாக்கற சின்னப் பையன் ஒருத்தன் மேல காதல் வருது. ஆபீஸ்ல தெரிஞ்சா என்னாகும்னு பயப்படறது இந்தத் தடவ அவ. மொதலாளிப் பையன் ஒருத்தனாச்சும் இப்படிப் பயந்து நீ பாத்திருக்கறியா? மழை வருமா வராதான்னு தப்பாச் சொன்னா ஊரு பூராத் திட்டும், அந்த வேலய அவ எப்படிப் பாக்கறான்னும் கதைல பாதி இருக்குது. எனக்குப் புடிச்சுது. உனக்குப் புடிக்காம போலாம், குடை புடிக்கற காட்சி கம்மி.

மி-சோ கடைசில ராஜினாமாவ வாபஸ் வாங்கிட்டு அதே வேலைல இருந்துட்டாளேன்னு எனக்கு மனசு பொக்குனு போச்சு. வேல புடிச்சிருக்குதுங்கறா, சரி, அவ இஷ்டம். நீ ராஜினாமா எழுதறதுன்னா முன்னால ஒரு விசயத்தப் பாத்துக்கோ. உன்ற வேலைக் காகிதத்தப் பீரோவுல மடிச்சு வெச்சுட்டு மறந்துட்ட, நாந்தான் கண்ணாடி போட்டுப் பூராவும் படிச்சேன். நோட்டீஸ் காலம் மூணு மாசம்னு போட்டிருக்குது. எட்டு வாரத்துக்கு ஒரு காதல் முடியுதுன்னா, நீ வெளிய வர்றதுக்குள்ள கொரியாக்காரன் ஒன்னரைக் கல்யாணம் பண்ணி முடிச்சிருப்பான்.